பேட்டரி முனையில் கம்பி நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி: கோடியக்கரையில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரியில் ஜிபிஎஸ்ஸும் ஒரு விளக்கும் ஓடுகின்றன. கிளிப் அரித்து உடைந்ததால், செம்புக் கம்பியை முனையில் சுற்றி சைக்கிள் டியூப்பால் கட்டினேன். நேற்றிரவு அலையில் ஜிபிஎஸ் இரண்டு முறை அணைந்தது. கரை தெரியாத இருட்டு, நடுங்கிவிட்டேன்.

பதில்: அண்ணா, டியூப்பை முதலில் அவிழுங்கள். உப்புநீர் அதற்குள் தங்கித்தான் பச்சைக் களிம்பு ஏறுகிறது. நான் ஈய முனையில் திருகாணி ஏற்றிப் பார்த்தேன். ஈயம் மென்மையானது, தளர்ந்துவிட்டது. புதுக் கிளிப் போட்டு, வளைய லக்கை (கம்பி நுனியில் மாட்டும் உலோக வளையம்) கம்பியோடு நசுக்கி, போல்ட்டில் முடுக்குங்கள். மேலே வாசலின் தடவுங்கள்.

பதில்: நேர்முனை அருகே ஃபியூஸ் கட்டாயம். கழற்றும்போது எதிர்முனை முதலில். சார்ஜ் ஏறும்போது தொடவே வேண்டாம்; ஹைட்ரஜன் வாயு கிளம்பும், வெடிக்க ஒரு பொறி போதும்.

கேள்வி கேட்டவர்: டியூப்பை அவிழ்த்தேன் தம்பி. உள்ளே பாதிக் கம்பி பொடியாக உதிர்ந்தது.