புது மெட்ரோவில் முதல் தரம் ஏறியபோது: திருமலை ஆட்களின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து

வளைகுடா, சென்னை, லண்டன் என்று நம்ம திருகோணமலை ஆட்கள் பரவிக் கிடக்கிறார்கள். புதிதாகத் திறந்த மெட்ரோ லைனில் முதல் தரம் ஏறியபோது என்ன கண்ணில் பட்டது என்று சொல்லுங்களேன். ஏசி குளிர், பளபளப்பு, வேகம் எல்லாம் யூடியூப்பில் பார்த்தாயிற்று. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். என்னுடையது துபாய், பழைய கதை. 2009ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் திகதி, இரவு 9 மணி 9 நிமிடம் 9 செக்கனுக்குத் திறந்தார்கள். விழா பெரிய ஆட்களுக்கு, எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த நாள்தான். சிவப்பு லைனில் முதலில் 10 ஸ்டேசன்தான் திறந்திருந்தது. சாரதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. அதற்கு முன்னால் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதைவிடப் புதினமாக இருந்தது ஒருவரும் எதையும் தின்னாதது. தின்றாலும் குடித்தாலும் 100 திர்ஹம் தண்டம் என்று போர்டு போட்டிருந்தது. கந்தளாயில் வடைக்காரர் ஏறாத ரெயில் பயணத்தை அன்றுதான் கண்டேன்.

கிண்ணியாவிலிருந்து

அண்ணை, துபாயில் மெட்ரோ திறந்த அடுத்த மாதம்தான் இங்கே கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், இலங்கையிலேயே நீளமான பாலம் என்றார்கள். அது வரைக்கும் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். காற்று அடித்தால் அதுவும் ஓடாது. புதிதாக ஒன்று திறந்தால் வேலை இருக்கிறதோ இல்லையோ அதில் போய் வருகிற சனத்தை நான் முதலில் பார்த்தது அந்தப் பாலத்தில். இரண்டாவது தரம் டோஹாவில்.

டோஹா மெட்ரோவின் சிவப்பு லைன் 2019 மே 8ஆம் திகதி திறந்தது, அல் கஸ்ஸாரிலிருந்து அல் வக்ரா வரை 13 ஸ்டேசன். ஆனால் முதல் சில மாதங்கள் ஞாயிறு முதல் வியாழன் வரைதான் ஓடியது. வெள்ளி, சனி இல்லை. எங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும். அதனால் ஊரெல்லாம் மெட்ரோ மெட்ரோ என்று பேச, நாங்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலால் ஸ்டேசன் வாசலைப் பார்த்துக்கொண்டு போய் வந்தோம். எங்கள் தங்குமிடம் இண்டஸ்ட்ரியல் ஏரியாப் பக்கம். அந்தப் பக்கம் மெட்ரோ வரவில்லை, பஸ் பிடித்துத்தான் ஸ்டேசனுக்கு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் ஜும்ஆ முடிந்து அறையில் இருந்த எல்லோரும் கிளம்பினோம். ஒரு தரம் போக 2 ரியால், நாள் முழுக்கச் சுற்ற 6 ரியால். முன்பெல்லாம் நாலு பேர் காசு சேர்த்து டாக்ஸி பிடித்துப் போன தூரத்துக்கு 2 ரியால் என்றால் யோசித்துப் பாருங்கள். போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. வக்ரா வரை போய் அப்படியே திரும்பி வருவதுதான் திட்டம்.

கோல்ட் என்று ஒரு வகுப்பு, ஒரு தரம் போக 10 ரியால். ஃபமிலி என்று இன்னொன்று. மிச்சம் ஸ்டாண்டர்ட், அதில் நாங்கள். எங்கள் பெட்டியில் நேபாளி, வங்காளி, கேரளாக்காரன், நம்ம ஆள் என்று கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை. ஃபமிலிப் பக்கம் எட்டிப் பார்த்தால் சீட் காலியாக இருக்கிறது. தனியாக வந்த ஆம்பிளை அந்தப் பக்கம் போனால் ஊழியர் மரியாதையாகவே கையைக் காட்டித் திருப்பி அனுப்புவார். இதைப் பற்றி எங்களுக்குள் அன்றே வாக்குவாதம். ஒருவன் இது அநியாயம் என்றான். இன்னொருவன், "உன்ட பொண்டாட்டி பிள்ளையள் வந்தா நீயும் அங்கதானடா ஏறுவாய்" என்றான். எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. ஆனால் மனைவி மக்களை அங்கே கூப்பிட எங்கள் சம்பளம் விடாது என்பதை அவன் மறந்துவிட்டான்.

விமான நிலையப் பக்கம் தாண்டும் வரை சுரங்கம், இருட்டு. பிறகு ரெயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்கள். வெளியே பார்க்க மணலும் கட்டட வேலையும்தான். அந்த வேலைகளில் பாதி எங்களைப் போன்றவர்கள் செய்தது. "இந்தா, நான் பைப் பூட்டின பில்டிங்" என்று ஒருவன் காட்ட, மற்றவனும் தன் பங்குக்கு ஒன்றைக் காட்ட, வக்ரா வரும் வரை அதே பேச்சு.

சாம்பல்தீவிலிருந்து

2022 உலகக் கிண்ண நேரம் நான் டோஹாவில் இருந்தேன். ஹய்யா கார்ட் (போட்டி பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்த அட்டை) இருந்தால் மெட்ரோ இலவசம். சூக் வாகிஃபில் உயரமான கதிரையில் இருந்து, கையில் பெரிய ஸ்பொஞ்ச் விரலும் ஒலிபெருக்கியுமாக "மெட்ரோ, திஸ் வே" என்று பாட்டாகவே சொல்லிக்கொண்டிருந்த கென்யாப் பொடியனை மறக்க முடியுமா? சனம் பதிலுக்கு "விச் வே?" என்று கத்தும். லைனைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை, நெரிசலில் கால் நிலத்தில் பட்டதா என்பதே ஞாபகமில்லை.

திருக்கடலூரிலிருந்து

எனது அனுபவம் சென்னையில். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்காக 2019இல் போனோம். சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29ஆம் திகதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான் முதலில் ஓடியது. அப்போது போய் வந்த மாமா கட்டணம் 40 ரூபாய் என்று மூக்கால் அழுதார். நாங்கள் போன நேரம் விமான நிலையத்திலேயே ஸ்டேசன் இருந்தது. ஆலந்தூரில் மாறினால் வடபழனி. தங்கும் இடமும் அங்கேதான், முருகன் கோயிலும் அங்கேதான்.

ஸ்டேசன் வாசலில் பைகளை எக்ஸ்ரே மெசினில் போடச் சொன்னார்கள். பெண்களைத் திரைக்குப் பின்னால் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். அங்குள்ளவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, பேசிக்கொண்டே கையை விரித்துவிட்டுப் போகிறார்கள். அம்மா மட்டும் வரிசையில் நிற்கும்போதே பேர்ஸைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பொலிஸ் பிள்ளை, "அதெல்லாம் வேணாம்மா, உள்ள வைங்க" என்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. உட்துறைமுக வீதியிலும் மட்டிக்களியிலும் சோதனைச்சாவடிகளில் எத்தனை வருடம் இறங்கி ஏறி நடந்தவர். மெசினைக் கண்டால் கை தானாக அட்டையைத் தேடும். போர் முடிந்து பத்து வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நானும் என்னுடையதை எடுத்து வைத்திருந்தேன் என்பதை வடபழனிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

உள்ளே போன பிறகு ஆள் மாறிவிட்டார். டிக்கட் என்று வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தந்தார்கள். இறங்கும் இடத்தில் அதைக் கேட்டில் போட்டால் விழுங்கிவிடும். "காசு குடுத்து வாங்கினதத் திருப்பி எடுக்கிறாங்களே" என்று அம்மாவுக்குப் பெரிய குறை. ஊருக்குக் கொண்டுபோய்ப் பேரனுக்குக் காட்ட நினைத்திருந்தாராம்.

அறிவிப்பு தமிழில் வந்தது, பிறகு ஆங்கிலத்தில். அடுத்த ஸ்டேசன் என்ன, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நிதானமான குரல். இங்கே பல இடங்களில் தமிழ் கடைசியாக வரும், வந்தால். அம்மா காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேசன் பெயரையும் திருப்பிச் சொன்னபடி வந்தார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் எங்கள் தமிழைக் கேட்டு, "நீங்க கேரளாவா ஆன்ட்டி?" என்றாள். அம்மா அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இல்ஃபோர்டிலிருந்து (பூர்வீகம் உப்புவெளி)

லண்டனில் எலிசபெத் லைன். 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மே 24 வரை இழுபட்டது. தாமதம் என்றால் இலங்கைதான் என்று நினைப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்த புதிதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கமிருந்து வரும் ரெயில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மேலே நின்றுவிடும். அங்கே இறங்கி, கீழே போய்ப் புதிய சுரங்க லைனைப் பிடிக்க வேண்டும். நவம்பர் 6ஆம் திகதிக்குப் பிறகுதான் ஒரே ரெயில் நேரே உள்ளே போனது. ஆனாலும் அந்தக் கீழ்த்தளம், ஐயோ. ரெயிலே 200 மீற்றருக்கு மேல் நீளம். அதனால் பிளாட்போமின் ஒரு முனையால் மேலே ஏறி வெளியே வந்தால் லிவர்பூல் ஸ்ட்ரீட், மறு முனையால் வந்தால் மூர்கேட், அது வேறு ஸ்டேசன். முதல் கிழமை தமிழ் ஆட்கள் போனில் பேசியது எல்லாம் ஒரே வசனம்தான்: "நான் வந்திட்டன், நீ எங்க நிக்கிறாய்?" இரண்டு பேரும் ஒரே பிளாட்போமில்தான் இறங்கியிருப்பார்கள்.

சுரங்க ஸ்டேசன்களில் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாது. பிளாட்போம் விளிம்பு முழுக்கக் கண்ணாடிச் சுவர், ரெயில் வந்து நின்ற பிறகு கதவுக்கு நேரே கதவு திறக்கும். ரெயில் வருகிறது என்பதே காற்று அடிக்காமல், இரைச்சல் இல்லாமல் நடக்கிறது. எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிந்து, தண்டவாளம் அதிர்ந்து, பிறகு ரெயில் வந்தால்தான் வந்த மாதிரி. மனைவிக்கு நேரெதிர்: பிள்ளைகளின் கையை விடலாம், அது போதும் என்கிறார். இன்னொரு நன்மை, இல்ஃபோர்டும் வெஸ்ட் ஈலிங்கும் இப்போது ஒரே ஊதா லைனில். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போகிறவர்கள் கார் பார்க்கிங் தேடி அர்ச்சனை நேரத்தைத் தவறவிட வேண்டியதில்லை.

சீனக்குடாவிலிருந்து

கண்ணாடிக் கதவா? எங்கள் திருமலை ரெயில் பாதையில் கதவு போட வேண்டியது யானைகளுக்கு. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ரெயில் மோதி 6 யானைகள் செத்தன, பெட்டிகளும் தடம் புரண்டன. கல்ஓயாச் சந்தி தாண்டினால் காட்டுக்குள் ஊர்ந்துதான் வர வேண்டும். வேகம் குறைவு என்று நாம் திட்டுகிறோம், அந்த இடங்களில் அதுதான் சரி.

எல்லோரும் வெளிநாட்டு மெட்ரோவைச் சொல்கிறீர்கள், நமக்கு வராமல் போனதையும் சொல்ல வேண்டாமா? மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை இலகு ரெயில், 15.7 கிலோமீற்றர், 16 ஸ்டேசன். ஜப்பான் கடன், வட்டி 0.1 வீதம், 40 வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் முதல் 12 வருடம் சலுகைக் காலம். 2019இல் ஒப்பந்தம் போட்டு, 2020 செப்டெம்பரில் செலவு கட்டாது என்று நிறுத்திவிட்டார்கள். இரவு மெயிலில் விடிய விடிய வந்து கோட்டையில் இறங்குகிறோமே, அதன் பிறகு நகரத்துக்குள் பஸ்ஸில் நசிபடுகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் எந்தச் செலவு கட்டாது என்று தெரியும். அது வந்திருந்தாலும் திருமலைக்கு என்ன என்று கேட்பீர்கள். ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் கந்தோர்களில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

ரியாத்திலிருந்து (ஊர் கிண்ணியா)

மேலே டோஹாவைப் பற்றி எழுதிய நானா சொன்ன வகுப்புக் கதை இங்கேயும் உண்டு. ஆனால் நான் பார்த்தது வேறு ஒன்று. ரியாத் மெட்ரோ 2024 டிசம்பர் 1ஆம் திகதி ஓடத் தொடங்கியது, முதலில் நீலம், மஞ்சள், ஊதா என்று மூன்று லைன். அடுத்த ஜனவரி 5க்குள் ஆறும் திறந்தாயிற்று: 176 கிலோமீற்றர், 85 ஸ்டேசன். இந்த ஊரில் பொதுப் போக்குவரத்து என்றாலே வெளிநாட்டுத் தொழிலாளிக்கு உரியது என்பதுதான் முன்பு நிலைமை. பத்ஹாவிலிருந்து ஓடிய பழைய கோஸ்டர் பஸ்ஸில் ஒரு சவூதிக்காரரை நான் கண்டதே இல்லை. மெட்ரோ திறந்ததும் முதலில் ஏறியது அவர்கள். தோப் அணிந்த தகப்பன், அபாயா அணிந்த உம்மா, வரிசையாகப் பிள்ளைகள். எந்தக் கேட்டில் கார்டைத் தட்டுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு சவூதிப் பெரியவர் நான் செய்வதைப் பார்த்துத் தானும் செய்தார், பிறகு தோளில் தட்டி நன்றி சொன்னார். இத்தனை வருடம் இங்கே இருந்து, வேலை சம்பந்தம் இல்லாமல் ஒரு சவூதி என்னோடு பேசியது அபூர்வம்.

கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதின் நிறுவனம் வரைந்த கே.ஏ.எஃப்.டி. (மன்னர் அப்துல்லா நிதி நகரம்) ஸ்டேசனைப் போட்டோ எடுக்கத்தான் பலர் வந்தார்கள். அழகுதான். ஆனால் கோடையில் ஸ்டேசனுக்கும் தங்குமிடத்துக்கும் இடையில் நடக்கிற தூரத்தைப் போட்டோவில் காட்ட முடியாது.

மூதூரிலிருந்து

மகனே, நாங்கள் உம்ரா முடித்து ரியாத்தில் மகளிடம் பத்து நாள் நிற்கப் போகிறோம். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கோச்சியில் ஏறலாமா? எங்களுக்கு ஆப் எல்லாம் தெரியாது.

ரியாத்திலிருந்து

தாராளமாக ஏறலாம் மாமி. குடும்பமாக வந்தால் ஃபமிலிப் பகுதி, தரையிலும் கதவிலும் எழுதியிருக்கும். மருமகன் தர்ப் ஆப்பில் டிக்கட் எடுத்துத் தருவார், இல்லாவிட்டால் பேங்க் கார்டைத் தட்டினாலே கேட் திறக்கும். ஆனால் ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். 4 ரியால் டிக்கட் 2 மணித்தியாலத்துக்கு, அதற்குள் இறங்கி நகர பஸ்ஸில் மாறினாலும் மறுபடி காசு இல்லை. பின்னேரம் வேலை விடும் நேரத்தை மட்டும் தவிருங்கள்.