சிங்கப்பூரில் வாடகை வீடு: ஆள் கணக்கு, தண்ணீர்க் கணக்கு

சுமார் 735 சதுர கிலோமீட்டரில் 60 லட்சம் பேருக்கு மேல். இடமோ தண்ணீரோ, இங்கே எல்லாமே அளந்துதான். அட்வான்ஸ் கொடுக்குமுன் கணக்குப் பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசாங்க அடுக்குமாடி) மூவறை வீட்டில் அதிகபட்சம் 6 பேர். நாலறையும் அதற்கு மேலும் என்றால், 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகத் தளர்வில் 8 பேர். (நாலறை என்றாலும் படுக்கையறை மூன்றுதான், ஹாலும் எண்ணிக்கையில் சேரும்.) குத்தகை குறைந்தது 6 மாதம், "மூணு மாசம் போதும்" என்கிற ஏஜென்ட்டிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

பலர் மாட்டிக்கொள்வது கோட்டாவில். முழு வீடு எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குப் பேட்டையில் 8%, புளோக்கில் 11% வீடுகள்தான். நிரம்பிவிட்டால் அனுமதி வராது. அறை வாடகைக்கு இது கிடையாது. வீவக ஒப்புதலைக் கண்ணால் பார்த்த பிறகே பணம்.

முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4%, கட்டுவது நீங்கள், கையெழுத்திட்ட 14 நாளுக்குள். மாதம் 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வருடம் என்றால் 240 வெள்ளி.

மறுமொழி:
"பியூபி (தண்ணீர், கரண்ட் பில்) சேர்த்து" என்று விளம்பரம் போட்டிருந்தால், மாதம் எத்தனை வெள்ளி வரை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. ஆளுக்கு நாளைக்கு 140 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு மாதம் 17 கன மீட்டர், சுமார் 55 வெள்ளி. மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் மிஞ்சியதற்கு விலை கூடும். எட்டுப் பேர் வீட்டில் ஃபிளஷ் டாங்க் ஒழுகினாலே தாண்டிவிடும்.

டாங்க்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் அடி வாஷர் போயிருக்கிறது. குடிபோகும் அன்றே மீட்டரைப் படம் எடுங்கள். ஆள் வந்து பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இடையில் வரும் பில் உத்தேசம்தான்.

தண்ணீர் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். மலேசியாவின் ஜொகூர் தண்ணீருக்கான 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது; அதற்கு ஈடான நியூவாட்டரும் (சுத்திகரித்த கழிவுநீர்) கடல்நீர்ச் சுத்திகரிப்பும் கரண்ட் குடிப்பவை.

மறுமொழி:
அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: பொன்னி உட்பட அரிசியை இறக்குமதி செய்பவர்கள் இரண்டு மாத அளவைக் கிடங்கில் வைத்தே ஆக வேண்டும். 2023இல் இந்தியா வெள்ளை அரிசிக்குத் தடை போட்டபோதுகூட மூட்டை மூட்டையாக வாங்கியவர்களுக்கு மிஞ்சியது வண்டுதான். இந்த ஈரக் காற்றுக்கு 5 கிலோ பை போதும்.