ஐடிலிங் = நின்றோட்டம்? அதில் திக்கல் வேறு, அலைவு வேறு

ஐயா, வணக்கம்.

‘ரஃப் ஐடில்’ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஒழுங்கில்லாமல் ஓடுவது) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் தந்த ‘சீரற்ற வெற்றோட்டம்’ பார்த்தேன். ‘கரடுமுரடான செயலற்ற நிலை’ என்று கணினி கக்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டு சொல்லுமே எனக்கு இடறுகிறது.

முதலில் வெற்றோட்டம். சேலத்தில் தறிப்பட்டறைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும்: பெல்ட் கழன்றுவிட்டால் மோட்டார் முழு வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வெற்றோட்டம் என்றால் அதுதான். காரில் நாம் பேசுவது வேறு. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க வேண்டிய குறைந்த வேகம், நிமிடத்துக்கு 800, 900 சுற்று. அப்போதும் ஏ.சி. போட்டிருந்தால் கம்ப்ரசரை அதுதான் இழுக்கிறது. சுமை இருக்கையில் ‘வெறும்’ எப்படி வரும்? ‘நிலையோட்டம்’ என்றால் பைபாஸில் ஒரே வேகத்தில் போவது போல இருக்கிறது. நின்றோட்டம் என்று வைக்கலாம்.

அடுத்தது ‘சீரற்ற’. இது நோயின் பெயரே இல்லை, ‘உடம்பு சரியில்லை’ என்பது மாதிரி. என்னிடம் இருப்பது 1996 மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. போன மாதம் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறியது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, காதைச் சாய்த்து அரை நிமிடம் கேட்டார். “மிஸ்ஸிங் அடிக்குது, திக்குது பாருங்க” என்றார். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் தளர்ந்தது. இரண்டாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்த சிலிண்டர் அதுதான். இருப்பதே மூன்று, அதில் ஒன்று வேலை செய்யாவிட்டால் உதறாமல் என்ன செய்யும்? ஒயரின் உறை வெடித்து, தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் வந்தது வேறு கோளாறு. உதறல் இல்லை, இன்ஜின் ‘ஊம்... ஊம்...’ என்று தானாக ஏறி இறங்கும். வேக்கம் டியூபில் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் குழாய்) ஒரு விரிசல், அது வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரை அந்த இடத்தில் லேசாக அடித்ததும் வேகம் கூடியது, இடம் தெரிந்துவிட்டது. (இன்ஜின் சூடாக இருக்கும்போது வீட்டில் முயலாதீர்கள், தீப்பற்றும்.)

முதலாவதற்கு நின்றோட்டத் திக்கல், இரண்டாவதற்கு நின்றோட்ட அலைவு என்று வைக்கலாம். அலைவு பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஊசலோடு படித்த சொல்தான். திக்கல் பட்டறையிலேயே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போய் வண்டி ஆடுவதை இதில் சேர்க்கக் கூடாது; அங்கே இன்ஜின் சத்தம் ஒழுங்காகத்தான் இருக்கும். அது வெறும் குலுக்கல்.

———

> (ஐயாவின் பதில்:) தம்பி, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் வண்டி ஓடும், இன்ஜின் ஐடிலில் இருக்கும். அதுவும் ‘நின்ற’ ஓட்டமா? மேலே போனாலே என் பழைய பத்மினி கார் திணறும். அதற்கும் உன்னிடம் பெயர் உண்டா?

ஐயா, முதலில் ஒன்று: அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் நியூட்ரலில் இறங்காதீர்கள். இன்ஜின் பிடிக்காமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

கேள்வி நியாயமானது. நிற்பது வண்டி இல்லை, கால் என்று வைத்துக்கொண்டால் சொல் தப்பிக்கும். கொஞ்சம் சால்ஜாப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

பத்மினி மேலே திணறுவது கோளாறே இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300கூட இல்லை. மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் விடுகிறது. கலவை செறிந்து, பிளக் கரி பிடித்து, நின்றோட்டம் தளர்கிறது. கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் காற்றழுத்தத்தைப் பார்த்து சென்சார் சரிசெய்துவிடும். ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தி, கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே சேலத்து அஸ்தம்பட்டி வந்து சேரும்போது அதே வண்டி பெட்ரோல் பற்றாமல் திக்கும். இதற்குச் ‘செறிகலவைத் தளர்வு’ போதுமா? மலையைப் பெயரில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தால் சமவெளியிலும் இதே கதைதான்.

இன்னொன்று பாக்கி. கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ உண்டு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று கலவைக்கு. பட்டறையில் இரண்டையும் ‘ஸ்லோ ஸ்க்ரூ’ என்றே சொல்லித் தவறானதைத் திருகிவிடுகிறார்கள். வேகத் திருகு, கலவைத் திருகு என்று பட்டியலில் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.