புதிதாகச் சேர்ந்த டீச்சருக்கு வழிகாட்டச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது?

கரும்பலகை:
எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சருக்கு என்னை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். நான் அறிவியல். அவருக்குப் பாடம் நன்றாகத் தெரியும், போர்டில் தெளிவாகப் போடுகிறார், ஆனால் வகுப்பு அவர் கட்டுப்பாட்டில் நிற்பதில்லை, கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசை தனிக்கச்சேரி தொடங்கிவிடுகிறது. நான் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள், அவருக்கோ குரல் நடுங்குகிறது. ஆக நான் பார்ப்பது அவருடைய உண்மையான வகுப்பே இல்லை. இதில் தலைமையாசிரியர் வேறு மாதாமாதம் அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார். டீச்சரிடம் கேட்டால் "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்பதோடு சரி. எப்படி உதவுவது?

பழைய சாக்பீஸ்:
முதலில் அந்த ரிப்போர்ட்டை நிறுத்தப் பாருங்கள் சார். நீங்கள் அவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவீர்கள், அவர் உங்களிடமே வந்து தன் குறையைச் சொல்ல வேண்டும் என்றால் யார்தான் வாய் திறப்பார்கள்? மதிப்பீடு தலைமையாசிரியர் வேலை. "எதைப் பற்றிப் பேசினோம் என்று மட்டும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் வேறு பாடம் என்பதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் இங்கர்சால், ஸ்மித் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பதற்கும் அதே பாடத்து வழிகாட்டி, அதே பாடத்துச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிடும் நேரம் இரண்டுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. பாடத் திட்டத்துக்கு ஒரு கணக்கு சீனியரைப் பிடித்துக் கொடுங்கள், வகுப்பு நிர்வாகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம்:
நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "எல்லாம் நல்லாப் போகுது" என்றால் பயம், அவ்வளவுதான். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வது? "எந்த வகுப்புக்குப் போகும்போது கால் பின்னுக்கு இழுக்குது?" என்று கேளுங்கள், பதில் வரும். எனக்கு வாய்த்த சீனியர் மேடம் என் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் என்னைத் தன் வகுப்புக்குக் கூப்பிட்டு, மணி அடித்ததும் தான் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் பார்க்கச் சொன்னார். கதவருகே நின்று ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்புவார், போர்டில் ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கும், பிள்ளைகள் உட்கார்ந்ததும் எழுதத் தொடங்கிவிடுவார்கள். கோபமாக வரும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, பேப்பர் கட்டை விடிய விடிய உட்காராமல் எப்படித் திருத்துவது, இதெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தரவே இல்லை. மேடம்தான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார்.

நடுவரிசை:
கணக்கு டீச்சர் என்றதுமே எனக்கு ஒரு சந்தேகம். எழுதும்போது எவ்வளவு நேரம் வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்? அடுத்த தடவை போனால் அதை மட்டும் பாருங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970-இலேயே எழுதிவிட்டார்: வகுப்பை நன்றாக நடத்துகிறவர்கள் கண்டிக்கும் விதத்தில் மற்றவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை, எங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும் என்று பிள்ளைகளை உணர வைத்ததிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தொய்வில்லாமல் மாற்றியதிலும்தான் வேறுபட்டார்கள். ஆகவே "இன்னும் கண்டிப்பாக இருங்க" என்ற அறிவுரையால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது சரியானபின் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். பல ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடத் தருவதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார், 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாக வந்தன. ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும், பட்டியல் போட்டுக் கொடுத்து ஆளை மிரட்டாதீர்கள்.

டைம்டேபிள்:
எல்லாம் சரி, நேரம் எங்கே? இங்கிலாந்தில் 2021 முதல் புதியவர்களுக்கு வழிகாட்டுதல் காலமே இரண்டு வருடம். அவர்கள் பாடம் எடுக்கும் நேரத்தில் முதல் வருடம் 10 சதவீதம், இரண்டாம் வருடம் 5 சதவீதம் குறைக்கிறார்கள். நேரம் ஒதுக்காமல் வழிகாட்டி என்று பெயர் மட்டும் வைத்தால் அது வராந்தாவில் நின்று பேசுவதோடு முடியும். இருவருக்கும் பொதுவாக ஒரு ஃப்ரீ பீரியட் கேளுங்கள், அதில் யாரும் சப்ஸ்டிட்யூஷன் (லீவில் இருப்பவருக்குப் பதில் வகுப்பு) போடக்கூடாது. பள்ளியிலேயே அடங்காத வகுப்பை அவர் தலையில் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், பல இடங்களில் அதுதான் வழக்கம். ரிப்போர்ட் விஷயத்தில் சாக்பீஸ் சார் சொல்வது சரி, ஆனால் எல்லாத் தலைமையாசிரியரும் கேட்கமாட்டார்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் கொடுப்பதற்கு முன் அந்த டீச்சரிடமே காட்டிவிடுங்கள்.

கரும்பலகை:
நன்றி. அடங்காத வகுப்பு அவரிடம்தான் இருக்கிறது, போன வருடம் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட வகுப்பு அது. நாளை தலைமையாசிரியரிடம் ரிப்போர்ட்டையும் ஃப்ரீ பீரியடையும் சேர்த்தே பேசுகிறேன். நான் அங்கே போய் உட்காருவதற்கு முன் அவரை என் வகுப்புக்குக் கூப்பிடப் போகிறேன்.