மூடிய வானம், மூடாமல் விட்ட வானம்: பறந்தவர்கள் எழுதுங்கள்

முதல் பதிவு

2025 ஜூன் 23 மாலை தோஹாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானங்களில் ஒன்றில் நானும் இருந்தேன். இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிரே திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் விமானத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது. ஒரு வட்டம், அப்புறம் இன்னொரு வட்டம். விமானி ஒலிபெருக்கியில் வந்து, கத்தார் தன் வான்வெளியை மூடிவிட்டது, வேறு நாட்டில் இறங்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. இறங்கி செல்போனைப் போட்ட பிறகுதான் தெரிந்தது: கத்தாரின் அல் உதெய்தில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியிருந்தது. அவை வருவதற்குச் சற்று முன்பே கத்தார் வானத்தை மூடியிருந்தது.

தரையில் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. குடிவரவு மேசைக்கு முன்னால் வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. விசா இல்லாமல் உள்ளே போகக்கூடிய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பஸ் ஏறி ஓட்டலுக்குப் போனார்கள். மற்ற எல்லோரும் பயணிகள் கூடத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கட்டில், இன்னொருவருக்கு இரும்பு நாற்காலி. எங்களோடு இருந்த பெரியவர் ஒருவரின் மருந்து சரக்கறைப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. எந்த மேசையில் கேட்டாலும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். கடைசியில் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஊழியர் ஒருவர், பெட்டிச் சீட்டின் எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கீழே இறங்கிப் போய் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். அவருக்கு அது வேலையே இல்லை.

அந்தக் கூடத்தில் ஒருவர் விடியும்வரை கத்திக்கொண்டே இருந்தார். யாரோ யாருடனோ சண்டை போட்டால் நான் ஏன் இங்கே கிடக்க வேண்டும், வானத்தை மூடியதே தப்பு என்பது அவர் வாதம். முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

2020 ஜனவரி 8 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்கள் மீது ஈரான் ஏவுகணை வீசியது. பதிலடி வரும் என்று தன் வான்காப்புப் படையை உஷார் நிலையில் வைத்தது. ஆனால் தெஹ்ரான் விமான நிலையத்தை மட்டும் வழக்கம்போல நடத்தியது. சில மணி நேரத்தில் அங்கிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை அதே வான்காப்புப் படை சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள். மூன்று நாள் மறுத்துவிட்டு ஜனவரி 11 அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள். முந்தின இரவே வானத்தை மூடியிருந்தால் அந்தப் பயணிகளும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

2014 ஜூலை 17 அன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17-க்கு நேர்ந்ததும் இதே ரகம். கிழக்கு உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்தது. 32,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்று உக்ரைன் அறிவித்திருந்தது. அந்த விமானம் 33,000 அடியில் போனது. அன்று ஒரே நாளில் அந்தப் பகுதிக்கு மேலே 160 பயணிகள் விமானங்கள் போயிருந்தன. 298 பேரைக் கொன்ற பழி ஏவுகணையை விட்டவர்கள் மீதுதான். 2025 மே மாதம் ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் கவுன்சிலும் ரஷ்யா தன் கடமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வான்வெளியை முழுவதும் மூட உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015-லேயே எழுதியதையும் நாம் மறக்கக் கூடாது.

வானம் மூடியதால் மாட்டிக்கொண்டவர்கள், நீண்ட சுற்று சுற்றியவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். உங்கள் கருத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

மறுமொழி: ஹெல்சிங்கி – டோக்கியோ போய்வருபவர்

உங்களுக்கு ஓர் இரவு. எங்களுக்கு 2022 பிப்ரவரியிலிருந்து இதுதான் வாழ்க்கை. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாளே, பிப்ரவரி 28 அன்று, 36 நாடுகளின் நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடியது. சைபீரியா மேலே ஒன்பது மணி நேரத்தில் முடிந்த பயணம் இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம். சில நேரம் வட துருவத்தைத் தொட்டு அலாஸ்கா பக்கமாகச் சுற்றி வருகிறோம், சில நேரம் தெற்கே கஜகஸ்தான், சீனா வழி. சோவியத் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போனவர்கள் அலாஸ்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனதாகப் படித்திருக்கிறேன். நாங்கள் அந்த வரைபடத்துக்கே திரும்பிவிட்டோம்.

முதல்முறை துருவம் வழியாகப் போனபோது எல்லோரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். இப்போது யாரும் எடுப்பதில்லை. என் பக்கத்தில் உட்காருபவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, சீன நிறுவனத்தில் போனால் சீக்கிரம் போகலாமே என்பதுதான். போகலாம். சீன நிறுவனங்கள் இன்னும் ரஷ்யா மேலேதான் பறக்கின்றன. எரிபொருள் மிச்சம், டிக்கெட்டும் பல நேரம் மலிவு. நான் அதில் ஏறுவதில்லை. ஏறுபவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், அவரவர் பணம். ஆனால் உக்ரைனில் வீடுகள் இடிந்துகொண்டிருக்கும்போது நாலு மணி நேரம் கூடுதலாக உட்காருவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இது பாதுகாப்புக்காக மூடிய வானம் இல்லை, தண்டனைக்காக மூடிய வானம். அதிலும் நியாயமானது உண்டு என்பது என் கருத்து.

மறுமொழி: தோஹாவில் வேலை பார்த்தவர்

தண்டனைக்கு மூடுவதில் நியாயம் உண்டு என்கிறார் மேலே எழுதிய நண்பர். அந்தத் தண்டனை யார் தலையில் விழுகிறது என்று நான் சொல்கிறேன்.

2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. வானத்தையும் மூடின. என் அக்கா துபாயில் இருந்தாள். தோஹாவிலிருந்து துபாய்க்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தப் பயணமே இல்லாமல் போய்விட்டது. மஸ்கட் வழியாகவோ குவைத் வழியாகவோ போக வேண்டும். ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி திரும்பிய குடும்பம் நாங்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா துபாயில், நான் தோஹாவில், நடுவே அந்தக் கடல். எங்களில் ஒருவர்கூட அந்த ஐந்து நாட்டில் எதற்கும் குடிமக்கள் இல்லை. அந்தச் சண்டையில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. 2021 ஜனவரியில் சமாதானம் ஆகும்வரை அப்படியே கிடந்தோம்.

அந்தக் காலத்தில் நான் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்: கத்தாருக்கென்று தனி வான்தகவல் மண்டலமே, அதாவது விமானங்களைத் தானே வழிநடத்தும் வான்பகுதியே, அப்போது கிடையாது. தலைக்கு மேலே இருந்த வானத்தைப் பஹ்ரைன்தான் நிர்வகித்தது. கத்தார் விமானங்கள் குறுகலான சில தடங்களில் வெளியேறி ஈரான் மேலே போயின. தோஹா மண்டலம் 2022-ல்தான் தனியாக வந்தது. 2025-ல் உங்கள் விமானத்தைத் திருப்பிவிட்ட முடிவைக் கத்தார் எடுக்க முடிந்தது என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

மறுமொழி: விமான டிஸ்பாட்ச் அறையில் (பறக்கும் பாதையைத் திட்டமிடும் அறை) இருந்தவர்

மூவர் எழுதியதையும் படித்தேன். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாடு வானத்தை மூடினால் நோட்டாம் என்ற அறிவிப்பு வரும். முழுக்கப் பெரிய எழுத்தில், சுருக்கக் குறிகளில், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை என்று நாலைந்து வரி. போர் என்ற சொல் அதில் பெரும்பாலும் இருக்காது. எங்களுக்கு மூடிய வானம் சுலபமான வேலை. பாதையை அழித்துவிட்டு வேறு போடுவோம். கூடுதல் எரிபொருள் எவ்வளவு, மாற்று விமான நிலையம் எது, விமானிகளின் பணி நேரம் உள்ளே அடங்குமா என்று கணக்குப் போடுவோம். அடங்காவிட்டால் முதலில் சரக்கை இறக்குவோம், அப்புறம் இருக்கைகளைக் காலியாக விடுவோம், அதற்கும் மேலே போனால் நடுவில் இறங்கி நிரப்புவோம்.

தூக்கம் கெடுப்பது திறந்திருக்கும் வானம்தான். செய்தியில் ஏவுகணை பறக்கிறது, நோட்டாமில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்டின் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டால் எல்லாம் வழக்கம்போல என்பார்கள். ஏன் மூட மாட்டார்கள்? மேலே பறக்கும் ஒவ்வொரு விமானமும் கட்டணம் கட்டுகிறது, அது ஒன்று. மூடினால் நம் நாடு நம் கையில் இல்லை என்று உலகத்துக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் பிரிவே, தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்கிறது. மூடுவதும் திறப்பதும் அந்த நாட்டின் விருப்பம். மூடு என்று கட்டளையிட மேலே யாரும் இல்லை. ஐகாவோ எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே நிறுவனம்தான் தானாக விலக வேண்டும். விலகினால் எரிபொருள் செலவு, விலகாத போட்டியாளருக்கு லாபம். அந்த அறையில் இரவு இரண்டு மணிக்கு இந்தக் கணக்கோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு வயது முப்பதுகூட இருக்காது.

ஒரு வானம் மூடினால் கூட்டம் அடுத்த வானத்துக்குப் போகும். ரஷ்யாவும் இல்லை, 2025 ஜூன் 13-க்குப் பிறகு ஈரானும் ஈராக்கும் இல்லை என்றானபோது, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே மிஞ்சியது வடக்கே ஜார்ஜியா, அஜர்பைஜான் வழி ஒரு குறுகிய தடம், தெற்கே எகிப்து, சவூதி வழி இன்னொன்று. ஆப்கானிஸ்தான் மேலேயும் போகிறார்கள். காபூலில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வழிநடத்தக் கட்டுப்பாட்டாளர் இல்லை. விமானிகள் பொது அலைவரிசையில் நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்தப் புள்ளியை இத்தனை மணிக்குத் தாண்டுவேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே கடக்க வேண்டும். நான்கைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். பின்னால் தூங்கும் பயணிகளுக்கு இது தெரியவே தெரியாது.

தண்டனை மூடலையும் பாதுகாப்பு மூடலையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், ஒரு சோதனை இருக்கிறது. சிகாகோ ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அவசர நிலையில் வானத்தைத் தற்காலிகமாக மூடலாம், ஆனால் எல்லா நாட்டு விமானங்களுக்கும் வேறுபாடு இல்லாமல் மூட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மட்டும் மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியா பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. அப்புறம் மாதாமாதம் இருவரும் நீட்டித்துக்கொண்டே போனார்கள். டெல்லியிலிருந்து ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் பாகிஸ்தான் மேலே போகலாம், அதே ஊருக்குப் போகும் இந்திய விமானம் அரபிக் கடலைச் சுற்ற வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து வந்த இந்திய விமானங்களில் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. வானத்தில் ஆபத்து இருந்தால் எல்லோருக்கும்தானே இருக்க வேண்டும்? யாருக்கு மூடினார்கள் என்று பாருங்கள், காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

முதல் பதிவில் எழுதியவரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். எல்லோருக்கும் மூடிய வானத்தைத் திட்டாதீர்கள்.

முதல் பதிவரின் மறுமொழி

தோஹாக்காரர் எழுதியதைப் படித்த பிறகு, தண்டனைக்காக மூடுவதை எதிர்க்கும் பக்கம் நான் இன்னும் சாய்ந்துவிட்டேன். ஹெல்சிங்கி நண்பர் தன் நாலு மணி நேரத்தைத் தானே விரும்பித் தருகிறார். அந்த அக்காவைப் பார்க்க முடியாத தம்பியை யாரும் கேட்கவில்லை.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: போர், வான்வெளி மூடல் எல்லாம் அசாதாரணச் சூழ்நிலை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம் திரும்ப, இவை உங்கள் உரிமை. அசாதாரணச் சூழ்நிலை என்று சொல்லி மேசையில் இதையும் மறுப்பார்கள், விடாதீர்கள். பயணக் காப்பீடு பெரும்பாலும் போரை விலக்கியிருக்கும், வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.

பாஸ்போர்ட்டைப் பார்த்து வெளியே விடாமல் கூடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இங்கே இன்னும் இருப்பீர்கள். எந்த விமான நிலையம், படுக்க இடம் கொடுத்தார்களா, யார் உதவினார்கள் என்று எழுதுங்கள். அடுத்து மாட்டப்போகிறவருக்கு அது தேவைப்படும்.