ஏற்காடு மலைப் பள்ளியில் சேவை முகாம்: ஆட்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு ஆதார், பழங்குடிச் சான்றுக்கான விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் அரசுப் பள்ளியிலேயே ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடுகிறோம். பெற்றோருக்குத் தோட்டக் கூலி போகக் கூடாது, அதனால் ஞாயிறு.

முதல் மேசை ஆதார்தான். பெயர், இனிஷியல், பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் பின்னால் எல்லாமே நிற்கும். 15 வயதில் கைரேகை புதுப்பிக்காதவர்களையும் அங்கேயே கவனிக்க வேண்டும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தருவது; விசாரணைக்கு நாள் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் அலைந்தால் கல்லூரிச் சேர்க்கையே தப்பிவிடும், ஒன்பதிலேயே விண்ணப்பிப்பதுதான் சரி. கணக்கில் ஆதார் இணையாவிட்டால் உதவித்தொகை வராது.

விண்ணப்பம் நிரப்ப எட்டுப் பேர், ஸ்கேனர் இரண்டு, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று வேண்டும். சிக்னல் நம்ப முடியாது. வெவ்வேறு கம்பெனி சிம்மோடு வாருங்கள். சேலத்திலிருந்து யார் வர முடியும்?