மெயில் கோப்புக்குப் பெயர்: கையால் வைப்பதா, நிரல் வைப்பதா?

மண்டபம் கணக்கர்:
நண்டு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த 61 நாளில் பழைய மெயில் கோப்புகளைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஒரே கோப்புறையில் 05-03-24, 5.3.2024, 03-05-24. மார்ச்சா, மேயா? வைத்தவருக்கே தெரியவில்லை. இப்போது பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல், மெயிலின் ‘டேட்’ வரியை எடுத்து 2024-03-05_1420 என்று பெயர் வைக்கிறது. ஆண்டு முன்னால் நிற்பதால் கோப்புகள் தானே வரிசைக்கு வந்துவிடும். நேரத்துக்கு நடுவே முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. இனி யாரும் கையால் பெயர் வைக்கக் கூடாது என்பேன்.

தொண்டி ஐஸ்கடை:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணே. ‘டேட்’ வரி, அனுப்பியவர் கணினியின் கடிகாரம் சொல்வது. எங்களுக்கு பில் அனுப்பும் ஒருவரின் கணினியில் பேட்டரி போய், போன மாத பில் 2009 என்று வந்தது. கையால் பெயர் வைத்ததால் கண்ணில் பட்டது. உங்கள் நிரல் அதை 2009-இல் கொண்டுபோய்ப் புதைத்திருக்கும்.

மண்டபம் கணக்கர்:
ஒரு பில்லுக்காக நாலாயிரம் மெயிலையும் கையால் தட்டுவதா தம்பி?

கீழக்கரை அக்கா:
கடிகாரம் சரியாக இருந்தாலும் தேதி தவறும், அதையும் பாருங்கள். என் தம்பி துபாயிலிருந்து அனுப்பிய மெயிலில் இப்படி இருக்கிறது: செவ்வாய், 12 மார்ச் 2024, 23:10, +0400. இங்கே அப்போது மணி 00:40, புதன், 13ஆம் தேதி. கடைசியில் நிற்கும் அந்த +0400, உலகப் பொது நேரத்தைவிட அங்கே 4 மணி நேரம் முன்னால் என்று சொல்வது; அதை விட்டுவிட்டால் ஒரு நாளே மாறிப்போகும். பைதானோடு வரும் மெயில் தொகுதி அதையும் சேர்த்தே படிக்கும். எல்லாவற்றையும் நம் இந்திய நேரமான +0530-க்கு மாற்றிவிட்டுப் பெயர் வையுங்கள்.
தொண்டித் தம்பி சொல்வதற்கும் வழி உண்டு. மெயில் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்டு’ என்று ஒரு வரியை மேலே சேர்க்கும். ஆக, உச்சியில் இருப்பது நம் பக்கத்து சர்வர் போட்டது. அதற்கும் ‘டேட்’ வரிக்கும் ஒரு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெயர் வைக்காமல் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.

தொண்டி ஐஸ்கடை:
ஒதுக்கியதை ஆள்தானே அக்கா பார்க்க வேண்டும்? நான் சொல்வதும் அதுதான். இன்னொன்று, ஒரே நிமிடத்தில் இரண்டு மெயில் வந்தால்?

மண்டபம் கணக்கர்:
அது என் தவறு, யோசிக்கவில்லை. இரண்டாவது முதலாவதை அழித்திருக்கும். வினாடியையும், அது போதாவிட்டால் ஒரு வரிசை எண்ணையும் சேர்க்கிறேன். அக்கா சொன்ன சோதனையை இன்று இரவே போட்டு, எத்தனை ஒதுங்குகிறது என்று நாளை எழுதுகிறேன்.